காகிதத்தில் கட்டிய பட்டணம்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



ஆப்பிரிக்கக் கலையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். பழங்காலத்துச் சிலைகளையும் முகமூடிகளையும் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். அதுவல்ல. இனி வரவேண்டிய காலத்தைத் தன் கையாலேயே செய்து காட்டிய ஒரு காங்கோ தேசத்துத் தோழரைப் பற்றியே நான் சொல்ல வந்தேன்.

அவர் பெயர் பாடிஸ் ஐசெக் கிங்கெலெஸ். 1948-ல் கிம்பெம்பெலே இஹுங்கா என்னும் கிராமத்தில் பிறந்து, 1970-ல் தலைநகரான கின்ஷாசாவுக்கு வந்து, உபாத்தியாயராயிருந்தவர். அட்டையும் காகிதமும் பசையுங்கொண்டு ஒரு கட்டடம் செய்து பொருட்காட்சி சாலைக்கு எடுத்துப்போனார். அங்குள்ளவர்கள் மெச்சினார்களா? இல்லை. எங்கேயோ திருடிக்கொண்டு வந்ததென்று சந்தேகப்பட்டார்கள்! ஏழையின் கையில் நல்ல பொருள் ஒன்றிருந்தால், அவன் செய்திருப்பான் என்ற நினைப்பு யாருக்கும் வருவதில்லை. அவர் வாதாடவில்லை, அவர்கள் கண்ணெதிரிலேயே இன்னொன்று செய்து காட்டினார். பிறகு அங்கேயே பழம்பொருள்களைச் செப்பனிடும் வேலை கிடைத்தது.

ஆனால் அவர் மனமெல்லாம் வருங்காலத்தின் மேலேயே இருந்தது. 1994-ல் தம் சொந்தக் கிராமத்தையே வானளாவிய மாளிகைகளும், பாங்கிகளும், பந்து விளையாட்டு மைதானமும் உள்ள பட்டணமாகச் செய்தார். 1996-ல் ஒரு மாயப் பட்டணம் செய்தார். அங்கே போலீசுமில்லை, பட்டாளமுமில்லை. எல்லா இனத்தாரும் கலந்து வாழலாம். 2000-ல், பிரஞ்சு தேசத்துச் செத் பட்டணம் 3009-ம் வருஷத்தில் எப்படியிருக்கும் என்று செய்தார். ஆப்பிரிக்காவின் தலையெழுத்தை ஐரோப்பியர் எழுதிய காலம் போய், ஐரோப்பிய ஊரின் வருங்காலத்தை ஓர் ஆப்பிரிக்கர் செய்துகாட்டினார்!

“காகித வீட்டில் யார் குடியிருப்பது? இதனால் யாருக்கு வயிறு நிறையும்?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமே. அந்த வீடுகளில் ஒருவரும் குடியேறவில்லைதான். ஆனால் காகிதத்தை அற்பமாக எண்ணாதீர்கள். 1884-85-ல் பெர்லினில் ஐரோப்பிய அரசாங்கத்தார் கூடி, ஆப்பிரிக்காவைப் பிடித்துக்கொள்ள விதி எழுதினார்களே, அதுவும் காகிதந்தான். அந்த மேஜையில் ஆப்பிரிக்கர் ஒருவருமில்லை. அதன்மேல் 1908 வரை காங்கோ, பெல்ஜியம் அரசர் இரண்டாவது லியோபோல்டின் சொந்தச் சொத்தாயிருந்தது. ரப்பருக்காக மனிதர் கைகள் வெட்டப்பட்டன. 1960 ஜூன் 30-ல்தான் விடுதலை. பிறர் எழுதிய காகிதத்தால் அழிந்த ஜனங்களில் ஒருவர், தம் காகிதத்தைத் தாமே எடுத்துக்கொண்டது சிறு காரியமா?

கருப்பு மக்களைப் பழமையோடு கட்டிப்போடாமல் வருங்காலத்தில் நிறுத்திக் காட்டும் கலைக்கு, 1993-ல் மார்க் டெரி என்னும் அமெரிக்க எழுத்தாளர் வைத்த பெயர்தான் ‘ஆப்பிரிக்க எதிர்காலவாதம்’ என்பது. அமெரிக்கக் கருப்பர்களைப் பற்றி எழுந்த பேச்சு, இன்று ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்கும் வழங்குகிறது.

கிங்கெலெஸ் 2015-ல் காலமானார். 2018-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் அவருடைய பட்டணங்களைத் திரட்டி வைத்தார்கள். 1929-ல் ஏற்பட்ட அச்சாலை, கருப்பு ஆப்பிரிக்கர் ஒருவருக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. பார்க்க அவர் இல்லை.

தோழர்களே! உங்கள் பிள்ளை அட்டையை வெட்டி வீடு கட்டினால், குப்பையென்று கூட்டித் தள்ளாதீர்கள். அது எந்த ஊர் என்று கேளுங்கள்.