தூரனார் சிறுவர்க்குத் தந்த செல்வம்

(குன்னத்தூரிற் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துன்பத்தின் பின் தோன்றும் தெய்வ நம்பிக்கை பற்றி நாம் பேசுதல் வேண்டுமென்று செயலாளர் பணித்தனர். அப்பொருளைத் தனியே விரித்தால் அது புராணப் பிரசங்கமாய் முடிந்துவிடும். ஆதலின் நம் கொங்கு நாட்டிற் பிறந்த ஒருவரை முன்னிறுத்திச் சில சொல்லத் துணிந்தோம். அவர் பெ. தூரன் எனப்படும் பெரியசாமித் தூரனார்.

தூரன் என்பது நம் கூட்டப் பெயர்களுள் ஒன்று. அதுபற்றி அவரை நம்மவர் என்று பெருமை பேசுவோர் இவ்வவையிற் பலர் உளர். அவர் எழுதிய நூல் ஒன்றைத் தம் பிள்ளையின் கையிற் கொடுத்தோர் எத்துணையர் என்று வினவினாலோ, கைதூக்குவோர் சிலரே ஆவர். கடுஞ்சொல்லாயின் பொறுத்தருள்க.

அவர் 1908ஆம் ஆண்டு ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்தார். நம்மவர் அம்மாயி என்றும் அம்மிச்சி என்றும் அழைக்கும் தாய்வழிப் பாட்டியே அவரை வளர்த்தார். சென்னைக்குச் சென்று பி.ஏ. வகுப்பிற் கணிதம் பயின்றார். 1931 மார்ச்சில் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட செய்தி வந்தது. தூரனார் இறுதித் தேர்வை எழுதாது விடுத்தார். காடு கழனி நம்பி வாழும் குடியொன்றில், பட்டம் பெற்று வருவான் என்று எதிர்நோக்கியிருந்த பிள்ளை வெறுங்கையோடு மீண்டால் வீடு எந்நிலையில் இருந்திருக்கும் என்பதை உங்கட்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

பின்னர் ஆசிரியரானார். கோபிசெட்டிபாளையத்திலும், தி. சு. அவினாசிலிங்கனார் 1930இல் தோற்றுவித்த இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் பணியாற்றினார். அவ்வித்தியாலயத்தில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளும் ஏனையோர் பிள்ளைகளும் ஒருங்கிருந்து கற்றனர். சங்கக் கூட்டத்தில் தூரனாரைப் போற்றுவோர் இதனைச் சொல்லாது விடுதல் முறையன்று.

அவர்தம் தெய்வ நம்பிக்கைக்கு அவர் இயற்றிய தமிழ்க் கீர்த்தனங்களே சான்று. முருகன்மீது அவர் பாடியவற்றை இசையரங்குகளில் இன்றும் பாடுகின்றனர். தாயை இழந்தமையாற்றான் முருகனைப் பற்றினார் என்று கணக்கிட்டுக் கூறுதல் நமக்கு உடன்பாடன்று. பிறர் உள்ளத்தைப் புறத்தே நின்று அளப்பார் பெரும்பாலும் தவறுவர். வெளிப்படையாய்த் தெரிவது ஒன்றுண்டு: தாயின்றி வளர்ந்த அவர், தம் கசப்பைச் சிறுவர்க்கு எழுதியவற்றுள் ஊற்றவில்லை.

தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் கலைக்களஞ்சியம் ஒன்று ஆக்க முற்பட்டபோது தலைமைப் பதிப்பாசிரியராய் அமர்ந்தவர் அவரே. முதற்றொகுதி 1954இல் வெளிவந்தது. பத்துத் தொகுதிகளும் நிறைவுற 1968 ஆயிற்று. அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். அறுபது அகவையை எட்டிய ஒருவர் அத்துடன் ஓய்ந்திருந்தால் யார் குறை கூறுவர்? அவரோ குழந்தைகட்கெனத் தனியே மற்றொரு பத்துத் தொகுதிகளை மேற்கொண்டார், 1976இல் முடித்தார். பெரியோர்க்கு எழுதியதையே சுருக்கித் தந்தால் போதும் என்று அவர் கருதவில்லை. சிறுவர்க்கு எழுதுதல் எளிது என்பார் ஒருமுறை எழுதிப் பார்ப்பாராக.

கதைகளிலும் அப்படியே. 'சூரப்புலி' ஒரு நாயின் கதை. 'கொல்லிமலைக் குள்ள'னில் சிறுவரோடு ஜின்கா என்னும் குரங்கும் உடன்வருகின்றது. மலையும் ஆறும் காடும் நம் பக்கத்தனவே. பிள்ளைகள் அஞ்சுகின்றனர், வழி தேடுகின்றனர், ஒருவர்க்கொருவர் துணை நிற்கின்றனர். நம்மிற் பலர் சிறுவர் கதை என்றால் வாலில் ஒரு நீதியைக் கட்டித் தொங்கவிடுதல் வேண்டும் என எண்ணுகின்றோம். பிள்ளை அவ்வாலைக் கண்டதும் நூலை மூடிவிடுகின்றது!

நம் வகுப்பில் ஒரு மாணவன் தந்தையை இழந்தான். தாய் பனியன் கம்பெனிக்குச் செல்பவர். விடியலில் வேன் ஏறினால் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புவார். உறவினர் ஒருவர் அவனுக்கு அறவுரை நூல் ஒன்று வாங்கித் தந்தார். அவன் அதன் அட்டையிற் படம் வரைந்துகொண்டிருந்தான். நாம் அவனிடம் ஒன்றும் கூறாது 'சூரப்புலி'யைக் கொடுத்தோம். மூன்று நாட் கழித்துத் திருப்பித் தருகையில், "ஐயா, இதை அம்மாவுக்கு ஒருக்கா படிச்சுக் காட்டிட்டுத் தரட்டுங்களா?" என்றான். அவன் துயர் தீர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. அதற்குமுன் அவன் அன்னையோடு இருந்து பேசிய பொழுது மிகச் சிறிது என்பதை மட்டும் பின்னர் அறிந்தோம்.

ஆதலின் இரண்டு வேண்டுகோள்கள். ஆண்டுதோறும் நம் சங்கம் பரிசளிப்பு விழாவில் எவர்சில்வர்ப் பாத்திரங்களை வழங்கி வருகின்றது. அடுக்களையில் அவை ஏற்கனவே நிரம்பியுள்ளன. இவ்வாண்டு கதைநூல்களை வழங்குக. குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திற் பொருட்செலவின்றிப் படிக்கலாம். பிள்ளைகள் கைப்பேசியை விடாது பார்ப்பதாய்க் குறைகூறும் பெற்றோர் அதிலேயே இதனைத் திறந்து காட்டலாம்.

மற்றொன்று தாய்மார்களுக்கு. தூரனார் நம் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். உங்கள் வீட்டு அம்மாயிமார் அறிந்த கதைகள் இன்னும் ஏட்டில் ஏறவில்லை. தறி ஓசையிலும் தையல் எந்திர ஓசையிலும் அவை கேளாது போயின. வரும் மாதக் கூட்டத்திற்கு அவர்களையும் அழைத்து வருக. நம் பள்ளி மாணவர் இருவர் நோட்டும் பேனாவுமாய் அக்கோடித் திண்ணையில் அமர்ந்திருப்பர்.