கட்டுப்பாடு ஒருவரிடம், முதலீடு பலரிடம்



ஆதிக்கப் பங்குதாரர் என்றதும் மோசடியைத்தான் நாம் முதலில் தேடுகிறோம். மோசடி எதுவும் இல்லாமலே சிறுபான்மைப் பங்குதாரர் நலிவடைய முடியும் என்பதே என் கருத்து. அமெரிக்க மென்பொருள் நிறுவனமான விஎம்வேரின் வரலாற்றைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

2004இல் விஎம்வேரை, தரவுச் சேமிப்பு நிறுவனமான இஎம்சி வாங்கியது. 2007 ஆகஸ்டில் 29 டாலர் விலையில் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. முதல் நாளே விலை 51 டாலரைத் தொட்டது. பொதுமக்கள் வாங்கிய 'ஏ' வகைப் பங்குக்கு ஒரு வாக்கு. இஎம்சி வைத்துக்கொண்ட 'பி' வகைக்குப் பத்து வாக்கு. 2016இல் கணினி நிறுவனமான டெல் பெருங்கடன் வாங்கி இஎம்சியைக் கைப்பற்றியபோது, இந்த அதிகாரமும் டெல்லிடம் போய்ச் சேர்ந்தது. இஎம்சி பங்குதாரர்களுக்கு ரொக்கத்தோடு ஒரு 'டிராக்கிங் ஸ்டாக்' கிடைத்தது. விஎம்வேரின் மதிப்பைப் பின்தொடர்ந்தாலும் சட்டப்படி அது டெல்லின் பங்கு. சந்தையில் அது விஎம்வேர் பங்கைவிடக் குறைந்த விலைக்கே விற்றது.

2018 ஜூலையில், இந்த டிராக்கிங் பங்குகளைத் தலா 109 டாலருக்குத் திரும்பப் பெற டெல் முன்வந்தது. அதற்கான ரொக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அவையோர் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். விஎம்வேர் 1,100 கோடி டாலரைச் சிறப்பு டிவிடெண்டாக அறிவித்தது. அதில் சுமார் 900 கோடி டெல்லுக்குப் போனது. பங்கு விகிதப்படி எல்லோருக்கும்தான் டிவிடெண்ட் கிடைத்தது, அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் எவ்வளவு தொகை, எந்த நேரத்தில் என்பதைத் தாய் நிறுவனத்தின் தேவையே தீர்மானித்தது. புதிய மென்பொருள் உருவாக்கத்துக்கும் நிறுவனங்களை வாங்கவும் கையிருப்பையே நம்பும் தொழில்நுட்பத் துறையில் இது சாதாரண விஷயமல்ல.

முதலீட்டாளர்கள் எதிர்த்ததால் விலை 120 டாலராக உயர்ந்தது, வாக்கெடுப்பில் தீர்மானமும் நிறைவேறியது. ஆனாலும் வழக்கு வந்தது. உடன்படாவிட்டால் பங்குகளைக் கட்டாயமாக மாற்றிவிடும் உரிமை டெல்லிடம் இருந்ததால், டெல் இயக்குநர்களின் சுயாதீனக் குழு நடத்திய பேரமும் பங்குதாரர் வாக்கும் நெருக்கடியில் நடந்தவை என்று வாதிடப்பட்டது. 2020இல் அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. இறுதியில் 100 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அந்தத் தொகையே இந்த வழக்கின் கனத்தைச் சொல்லும்.

இத்தகைய ஒப்பந்தங்கள் குறித்த சட்டமும் பின்னர் மாறியது. 2024இல் மேட்ச் குழும நிறுவனம் தொடர்பான வழக்கில் டெலவேர் உச்ச நீதிமன்றம், ஆதிக்கப் பங்குதாரர் பலன்பெறும் ஒப்பந்தம் எளிய நீதிமன்றப் பரிசீலனை பெற வேண்டுமானால் சுயாதீனக் குழுவின் ஒப்புதல், சிறுபான்மையினரின் வாக்கு இரண்டுமே தேவை என்றது. 2025 மார்ச்சில் வந்த டெலவேர் சட்டத் திருத்தமோ, பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு ஏதேனும் ஒன்று போதும் என்று தளர்த்திவிட்டது. இது பின்னடைவு என்றே கருதுகிறேன். இந்தியாவில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி, தொடர்புடைய தரப்பினரோடு செய்யும் பெரிய பரிவர்த்தனைக்கு ஆதரவாக அத்தரப்பினர் வாக்களிக்க முடியாது. நல்ல விதி, ஆனால் அத்தரப்பினர் ஆதரித்து வாக்களிக்கவில்லை என்பதால் மிரட்டலே இல்லை என்றாகாது.

ஆகவே இங்கு கட்டுரை படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். தீர்மானம் எத்தனை விழுக்காட்டில் நிறைவேறியது என்பதோடு நின்றுவிடாதீர்கள். மதிப்பீட்டாளரை நியமித்தது யார், 'வேண்டாம்' என்றால் சிறு பங்குதாரருக்கு என்ன நேர்ந்திருக்கும், பணம் கடைசியில் யாருடைய கடனை அடைத்தது என்பவற்றை ஆவணங்களில் தேடி எழுதுங்கள்.