மின்சாரம் மட்டும் போதாது

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் மின்னியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"பதினைஞ்சு நிமிஷம் தர்றேன், உங்க வேலையைப் பத்திப் பேசுங்க, ஆனா பாடம் நடத்திடாதீங்க" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். என் வேலை, மின்வாகனங்களுக்கான சார்ஜிங் நிலையங்களை அமைப்பது. கொஞ்சம் பாடமும் கலந்து வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் டீ குடிக்கும்போது என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, லைன் இழு, பிரேக்கர் போடு, எர்த் பண்ணு, 15 ஆம்ப் பிளக் வை. முடிஞ்சது வேலை. இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர், நெட்வொர்க்கெல்லாம்?" அவர் சொன்னதில் பாதி சரி. சொந்த வீடு, ஒரு ஸ்கூட்டர் என்றால் அந்த பிளக் தாராளமாகப் போதும். இரவு மாட்டினால் காலையில் நிறைந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 20 மின்கார்கள். ஆளுக்கொரு 7.4 கிலோவாட் சார்ஜர். எல்லோரும் ஆபீஸ் விட்டு வந்து ஏழு மணிக்கு மாட்டினால் 148 கிலோவாட். கட்டடத்தின் இணைப்பில் மிச்சம் இருப்பது 30 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். உடனே சங்கச் செயலாளர், "நம்ம பிளாக்கில் யாரும் சார்ஜ் போடக்கூடாது" என்று நோட்டீஸ் ஒட்டிவிடுவார். சண்டை ஆரம்பம்.

ஆனால் ஒரு கார் நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால், அதற்கு வேண்டியது சுமார் ஆறரை யூனிட். 20 கார்களுக்கு 130 யூனிட். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை எட்டு மணி நேரத்தில் பங்கிட்டுக் கொடுத்தால், சராசரியாக 16 கிலோவாட்டுக்குச் சற்று மேல். இருக்கிற 30 கிலோவாட்டே போதும்! புது டிரான்ஸ்பார்மர் வேண்டாம். யாருக்கு எப்போது எவ்வளவு என்று பங்கு வைக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளுக்குப் பெயர்தான் நெட்வொர்க்.

சரி, சார்ஜரும் மத்தியக் கம்ப்யூட்டரும் எந்தப் பாஷையில் பேசுகின்றன? இந்தக் கேள்வி 2009ல் நெதர்லாந்தில் எழுந்தது. அங்குள்ள மின்விநியோக நிறுவனங்கள் சேர்ந்து ஈ-லாட் என்ற அமைப்பை உண்டாக்கி, பல கம்பெனிகளின் சார்ஜர்களைத் தெருக்களில் நட்டன. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாட்டு அறை வேண்டுமே! ஆகவே பொதுப் பாஷை ஒன்றை எழுதினார்கள். அதுதான் ஓ.சி.பி.பி. 2014ல் அதைப் பராமரிக்க ஓப்பன் சார்ஜ் அலையன்ஸ் அமைந்தது. 2015ல் வந்த 1.6 பதிப்பு உலகமெங்கும் பரவியது. 2020ல் வந்த 2.0.1 பதிப்பு இன்னும் பாதுகாப்பானது.

அந்தப் பேச்சு வெகு எளிமையானது. கரண்ட் வந்ததும் சார்ஜர், "நான் இன்ன கம்பெனி, இன்ன மாடல், வந்துட்டேன்" என்கிறது. "சரி, இத்தனை நொடிக்கு ஒரு தரம் குரல் கொடு" என்கிறது மத்தியக் கம்ப்யூட்டர். இதற்குப் பெயரே இதயத் துடிப்பு. ஒருவர் கார்டைக் காட்டினால், "இவருக்குக் கொடுக்கலாமா?" "கொடு." "ஆரம்பிச்சாச்சு, மீட்டர் ரீடிங் இது." இடையிடையே ரீடிங் போய்க்கொண்டே இருக்கும். "முடிஞ்சுது." பில் வந்துவிடும். நடுவில், "16 ஆம்பியருக்கு மேல் கொடுக்காதே" என்று மத்தியக் கம்ப்யூட்டர் கட்டளையும் இடலாம். மேலே சொன்ன பங்கீடு இந்தக் கட்டளையால்தான் நடக்கிறது.

ஆனால் நெட்வொர்க் வந்ததும் அதற்கான நோய்களும் வந்தன. 2022ல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 657 வேக சார்ஜர் இணைப்புகளை நேரில் போய்ச் சோதித்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவீதம். கெட்டுப்போன திரை, பணம் வாங்க மறுக்கும் கருவி, அறுந்த நெட்வொர்க், உடைந்த பிளக் என்று காரணங்கள் பல. மறு வருஷமே அமெரிக்க அரசு, தன் நிதியில் கட்டும் நிலையங்கள் 97 சதவீதத்துக்கு மேல் இயங்கவேண்டும் என்று விதி செய்தது. 97 சதவீதம் என்றாலும் வருஷத்தில் பதினோரு நாள் முடக்கம். 90 சதவீதம் என்றால் முப்பத்தாறு நாள்!

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றிலிருந்து முதலாளி போன் செய்தார். "சார், லைட்டெல்லாம் எரியுது, வண்டி மட்டும் ஏறமாட்டேங்குது." போய்ப் பார்த்தால் கரண்ட் நன்றாக இருந்தது. செல்போன் சிக்னல்தான் இல்லை. மத்தியக் கம்ப்யூட்டரிடம் பதில் வராததால் சார்ஜர் யாருக்கும் கொடுக்க மறுத்துவிட்டது. தெரிந்த வாடிக்கையாளர் பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சார்ஜ் கொடுத்து, கணக்கைப் பிறகு அனுப்பும் வசதி ஓ.சி.பி.பி.யிலேயே உண்டு. அந்தச் சார்ஜரை விற்றவர்கள் அதை இயக்காமல் விட்டிருந்தார்கள். வேலை பத்து நிமிஷம்தான். அதற்குள் ஒரு வாடகைக் கார்க்காரர் மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு மாதாமாதம் கட்டவேண்டிய வண்டித் தவணை இருக்கிறது. போன சவாரி போனதுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2024 அக்டோபரில் எனெல் எக்ஸ் வே என்ற நிறுவனம் வட அமெரிக்காவில் கடையை மூடுவதாக அறிவித்தது. வீட்டுச் சார்ஜர்கள் சாதாரணமாகச் சார்ஜ் கொடுக்கும், ஆனால் ஆப் இருக்காது. வணிக இடங்களில் உள்ளவை மென்பொருள் இல்லாமல் செயலிழக்கும் என்றார்கள். இரும்பும் செம்பும் அப்படியே இருக்க, பேச ஆளில்லாமல் சார்ஜர் ஊமையாகிவிடும் நிலை.

இதனால்தான் பொதுத் தரம் முக்கியம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் முன்னாள் மாணவர்கள் 2013ல் தொடங்கிய ஏத்தர் நிறுவனம், தன் ஸ்கூட்டருக்குச் செய்த சார்ஜிங் பிளக்கை மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது. 2023ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அந்தப் பிளக்கையே இந்தியத் தரமாக ஏற்றது. நம் பக்கத்தில் படித்த பையன்கள் வரைந்த பிளக் நாட்டின் தரமாயிற்று!

இங்கே ஓட்டல், மில், ஆஸ்பத்திரி நடத்தும் நண்பர்கள் இருக்கிறீர்கள். குடியிருப்புச் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. சார்ஜிங் நிலையம் நடத்த மின்சார உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018லேயே தெளிவுபடுத்திவிட்டது. 2024ல் தொடங்கிய பி.எம். ஈ-டிரைவ் திட்டத்தில் பொதுச் சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆகவே விற்பனையாளர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள். மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, நாளை வேறு கம்பெனியின் மென்பொருளுக்கு இந்தச் சார்ஜரை மாற்றிக்கொள்ள முடியுமா? இரண்டு, சிக்னல் போனால் என்ன ஆகும்? மூன்று, கெட்டுப்போனால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? மூன்றுக்கும் பதிலை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் ஆள் தேடும்போது எனக்கு ஏற்படும் சிரமம் இதுதான். கேபிள் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு சர்வர் என்றால் பயம். சர்வர் எழுதத் தெரிந்தவருக்கு எர்த்திங் என்றால் என்னவென்றே தெரியவில்லை. நம் கல்லூரியில் இந்த இரண்டு துறைகளும் எதிரெதிர்க் கட்டடங்களில் இருக்கின்றன. நடுவில் ஒரு வேப்பமரம்தான். தாண்டிப் போங்கள்!

செலவுக்கும் பயப்பட வேண்டாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் 2013ல் தொடங்கிய ஸ்டீவ் என்ற மத்திய மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. லேப் கம்ப்யூட்டர் ஒன்றில் அதை நிறுவி, இன்னொன்றைச் சார்ஜர் மாதிரிப் பேசவைத்தால் பாதிப் பாடம் முடிந்தது. நிஜச் சார்ஜருக்கு எங்கள் செட்டு பொறுப்பு. இரண்டு ஏ.சி. சார்ஜர்களை மின்னியல் லேபுக்குத் தர நாங்கள் பேசி முடித்துவிட்டோம். மாதம் ஒரு சனிக்கிழமை நானே வந்து சொல்லித்தரத் தயார். இரு துறை மாணவர்களும் சேர்ந்து செய்யும் இறுதியாண்டுப் புராஜெக்டுக்கு முதல்வர் அவர்கள் அனுமதி தரவேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வேலையாக, சிக்னல் இல்லாத ஊரிலும் ஓட்டுநரைத் திருப்பி அனுப்பாத ஒரு சார்ஜரைச் செய்து காட்டுங்கள். அடுத்த சந்திப்பில் இந்த மேடையில் நீங்கள் பேசுங்கள், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.