அரசு எதுவரை?
(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எல்லாவற்றையும் அரசே செய்யவேண்டும் என்போர் ஒருபுறம்; அரசு ஒதுங்கி நின்றால்தான் மனிதன் முன்னேறுவான் என்போர் மறுபுறம். இவ்விரு குரல்களையும் நம் தமிழ்மண் கேட்டதுண்டு. 1955-ல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்றது. 1959-ல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யத்தைச் சாடினார்.

நாம் எந்தப் பக்கம்? பள்ளி மதிய உணவை எண்ணிப் பார்ப்போம். 1956-ல் காமராசர் ஆட்சியில் அது தொடங்கியபோது, பெரும்பாலும் ஊராரின் கொடையால்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் பசி மிகுந்த ஊரில் கொடுப்போர் குறைவு அன்றோ? ஆகவே அரசும் மானியம் தந்து தோள் கொடுத்தது.

1931-ல் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் போதித்ததும் இதுவே: சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரியது பறித்துக்கொள்ளலாகாது, அதற்குத் துணை நிற்கவேண்டும்.

ஆகவே நம் கையால் ஆவதற்கு மனு எழுதிக் காத்திரோம். நம்மால் ஆகாததை, ஏழைக்கு உரியதை, அரசிடம் உரிமையோடு கேட்கவும் தயங்கோம்.