ஆசானை மாற்றும் முன்



அன்பார்ந்த பெற்றோர்களே! இளம் சகோதர சகோதரிகளே!

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நமது சோனகத் தெரு வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. “அந்த மாஸ்டரின் படிப்பித்தல் சரியில்லை. பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றுவோம்.” இவ்வாறு மாற்றுவது தவறா? விளையாட்டு உலகிலிருந்து ஒரு படிப்பினையை உங்கள் முன் வைக்கின்றேன்.

குத்துச்சண்டையின் பக்கம் உங்களை அழைப்பது எனது நோக்கமன்று. முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். 1987இல் மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் சபையும் அவ்விளையாட்டு கூடாதென்றே தீர்மானித்தது. ஓர் இளைஞன் விழுந்து எழுந்த விதமே நமக்குரிய பாடமாகும்.

அமீர் கான், இங்கிலாந்தின் போல்டன் நகரில் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தமது 17ஆவது வயதில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். தொழில்முறை வீரராகித் தொடர்ந்து 18 போட்டிகளில் வென்றார். ஆனால் 2008 செப்டெம்பர் 6ஆம் திகதி மான்செஸ்டரில், கொலம்பிய வீரர் பிரெய்டிஸ் பிரெஸ்கொட் அவரை 54 வினாடிகளில் வீழ்த்தினார்.

அதன் பின் பயிற்சியாளர் ஜோர்ஜ் ரூபியோவிடமிருந்து விலகி, அமெரிக்காவிலிருந்த ஃப்ரெடி ரோச்சிடம் சென்றார். கவனியுங்கள்! ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர், கைகளை உயர்த்தித் தற்காப்பதையும் கால்களை நகர்த்துவதையும் அங்கு ஒரு மாணவனாக நின்று திருத்திக் கொண்டார். 2009 ஜூலை 18ஆம் திகதி, அதே மான்செஸ்டரில் ஆந்திரேய் கொட்டெல்னிக்கை வென்று உலகப் பட்டம் பெற்றார்.

எனினும், 2012இல் டெனி கார்சியாவிடம் தோற்றபோது ரோச்சையும் விட்டு நீங்கி, வேர்ஜில் ஹன்டரிடம் சென்றார். அதன் பின்னரும் சில வெற்றிகள் கிடைத்தன. ஆனால் உலகப் பட்டம் மீளவில்லை. மறுபுறம் முஹம்மத் அலி, 1971இல் ஜோ ஃப்ரேசியரிடம் தோற்ற பின்பும் தமது பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டியைக் கைவிடவில்லை. 1974இல் அவருடனேயே பட்டத்தை மீட்டெடுத்தார்.

இதிலிருந்து நாம் பெறுவது யாது? ஆசானை மாற்றுவதும் தீர்வாகலாம், மாற்றாதிருப்பதும் தீர்வாகலாம். தன் குறையைத் தான் காணாதவனுக்கு இரண்டும் பயன் தராது. உஹதுப் போரில் முஸ்லிம்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கான காரணத்தை அவர்களிடத்திலேயே தேடுமாறு அல்குர்ஆன் உணர்த்தியது. தவறியவர்களை மன்னிக்குமாறும், அவர்களுடன் மஷூரா செய்யுமாறும் நபியவர்களைப் பணித்தது.

ஆகவே பெற்றோர்களே, வகுப்பை மாற்றும் முன் பிள்ளையை அருகில் இருத்திக் கேளுங்கள். ஒழுங்காகச் சென்றானா? வீட்டில் மீட்டிப் படித்தானா? விளங்காததைக் கேட்டானா? இம்மூன்றையும் செய்தும் பயனில்லையெனில் தயங்காது மாற்றுங்கள். ஆனால் பழைய ஆசிரியரிடம் நேரில் ஸலாம் கூறி, நன்றி சொல்லி விடைபெறுங்கள். பிள்ளையின் முன் அவரைத் தூற்றாதீர்கள். ஓர் ஆசானை இழிவாகக் கருதப் பழகிய பிள்ளை அடுத்த ஆசானுக்கும் செவிசாய்க்காது.

இளைஞர்களே! 1990இல் நம் சமூகம் வெளியேற்றப்பட்ட பின், புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஓதியும் படித்தும் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆசிரியரைத் தெரிவு செய்யும் வாய்ப்பு எங்களுக்கு இருக்கவில்லை. கிடைத்தவரிடம் கற்றோம். உங்களுக்கோ அவ்வாய்ப்பு உண்டு. அதனை உங்கள் குறையை மறைக்கும் திரையாக ஆக்கி விடாதீர்கள்.

தவறை உணர்ந்து திருந்தும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.