மணவரவேற்பு விருந்தும் மக்கள் நலமும்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

 

மணவிழாவைத் தமிழிலேயே நடத்துவது என்னும் உறுதி இன்று பல இல்லங்களில் வேரூன்றியுள்ளது. அழைப்பிதழ் தமிழில் அமைகின்றது. வாழ்த்துரை தமிழில் ஒலிக்கின்றது. மணமக்கள் திருக்குறளைக் கையிலேந்தி நிற்கின்றனர். ஆயின், மாலை வரவேற்பில் உணவுக்கூடத்துள் நுழைந்த அளவிலே தமிழும் விடைபெறுகின்றது, உடல்நலமும் விடைபெறுகின்றது. வாயிலில் ஆங்கில உணவுப்பட்டி தொங்குகின்றது. அதில் இருபத்தைந்து பெயர்கள்! பாதிக்குமேல் எண்ணெயிற் பொரித்தவை. எஞ்சியவற்றுட் பல சருக்கரையில் ஊறியவை.

பழந்தமிழர் மணவிருந்து எத்தகையது? அகநானூற்றின் 86ஆம் பாட்டில் உழுத்தம்பருப்புக் கூட்டிக் குழைய வேகவைத்த களி பந்தரில் படைக்கப்பெறுகின்றது. 136ஆம் பாட்டிலோ இறைச்சியும் நெய்யும் கூடிய வெண்சோறு. இரண்டிலும் எரிவலம் இல்லை என்பதை அறிஞர் பலகால் எடுத்துக்காட்டியுள்ளனர். இருபத்தைந்து வகை உணவும் இல்லை என்பதை எடுத்துக்காட்டுவார்தாம் இல்லை. ஒன்றிரண்டு உணவு, வயிறார, அதுவே விருந்து.

இது வெறும் பழம்பெருமை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வின்படி, இந்நாட்டில் நீரிழிவுற்றோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர். தமிழ்நாட்டில் அகவை முதிர்ந்தாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர். 500 பெரியவர்கள் அமரும் பந்தியில் 70 பேர் நீரிழிவினர் என்று கொண்டே உணவுப்பட்டி எழுதுதல் வேண்டும். அவர்கள் எவரோ அல்லர். பெண்ணின் தாய்மாமன், பிள்ளையின் அத்தை, வாழ்த்த வந்த தலைமையாசிரியர்!

வாயிலிற் கொடுக்கும் புட்டிக் குளிர்நீரையே எடுத்துக்கொள்க. 330 மில்லி அளவுள்ள ஒன்றில் சருக்கரை ஏறத்தாழ 35 கிராம். உலக நலவாழ்வு நிறுவனமோ, ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சருக்கரை 50 கிராமுக்குள் அடங்கவேண்டும் என்கின்றது. இலையில் அமருமுன்னரே பெரும்பகுதி தீர்ந்துபோகின்றது! நீர்மோரோ இளநீரோ கொடுத்தால் எவர் குறைசொல்வார்? பிள்ளைகளை ஈர்க்கச் செந்நிறங் கொளுத்திய பொரியல்கள் வேறு. உரோடமின் என்னும் சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாட்டரசு 2024இல் தடைசெய்ததை அறிந்தும், நிறத்தை நம்பிச் சமைப்பாரை அழைப்பது பெருந்தவறு.

என்ன சமைக்கலாம்? இனிப்பு ஒன்றே போதும். வரகு அல்லது சாமைச் சோறு ஒன்று, வெண்சோறு ஒன்று. அவரை, புடலை, வாழைப்பூ முதலியவற்றுள் மூன்று காய்கள், ஒவ்வொன்றும் இருமடங்கு. கீரை மசியல், சுண்டல், பருப்புக் குழம்பு, மிளகுச் சாறு, மோர், வாழைப்பழம். பொரித்தது வேண்டுமெனின் அப்பளம் ஒன்று. ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் காய்ச்சலாகாது என்பதைச் சமையற்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பந்தி நடக்கையில் அடுக்களைக்குள் புகுந்து பூசலிட்டுப் பயனில்லை.

இங்கே தமிழன்பர் சிலர்க்கும் ஒரு சொல். கருப்பட்டியில் செய்துவிட்டால் நீரிழிவினர் எவ்வளவும் உண்ணலாம் என்று கூறுவது பிழை. கருப்பட்டியும் சருக்கரையே. வரகிலும் தினையிலும் மாப்பொருள் உண்டு. அளவின்றி உண்டால் அவையும் கெடுக்கும். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வலியுறுத்துவது அளவையே. அயலினின்று வந்ததெல்லாம் நஞ்சும் அன்று. மிளகாய் கடல்கடந்து வந்ததே. தமிழன் அதற்கு மிளகின் பெயரையே சூட்டித் தனதாக்கிக்கொண்டான். அந்தத் திறம் இன்று எங்கே போயிற்று? மாலியக் கோயில் மரபினர் இல்லங்களில் இன்றும் சாற்றமுது, கறியமுது என்னும் சொற்கள் வழங்குகின்றன. பட்டி எழுதுவார் அவற்றை எடுத்தாளலாம்.

"ஊரார் என்ன சொல்வர்?" என்னும் அச்சமே இருபத்தைந்து வகைக்கும் வேர். அவ்வச்சத்தால் கடன்பட்டு வாங்கிய பண்டம் பாதி இலையோடு குப்பைக்குப் போகின்றது. சிறிது சிறிதாகப் பரிமாறி, மீண்டும் மீண்டும் கேட்டிடுதலே விருந்தோம்பல். கேளாமற் குவித்தல் அன்று.

இன்னொன்று, பெரும்பாலும் எவரும் எண்ணாதது. நீரிழிவுக்கு வில்லையோ இன்சுலின் ஊசியோ எடுத்துக்கொண்டவர் பொழுது தவறாமல் உண்ணவேண்டும். பிந்தினால் குருதிச் சருக்கரை தாழ்ந்து மயங்கி விழவும் கூடும். அவர்களோ நிழற்படத்திற்காக மேடையருகே ஒரு மணிப்பொழுது வரிசையில் நிற்கின்றனர். ஆகலின் மாலை 7 மணிக்கே முதியோர்க்கென முதற்பந்தி இடுக. மணமக்கள் அப்பந்திக்கு இறங்கிவந்து வாழ்த்துப் பெறட்டும். நிழற்படத்தையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.