புகாரைக் கேட்பவர் யார்?



போலீஸ் அத்துமீறல் பற்றிய கருத்தரங்கை டி.கே. பாசு தீர்ப்பில் தொடங்குவது வழக்கம். கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டியவை என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பதினொரு நெறிகளை வகுத்தது. அவை அச்சாகிக் காவல் நிலையச் சுவர்களில் தொங்குகின்றன. தொங்கட்டும். இன்னும் நூற்று நாற்பது ஆண்டு பின்னால் போக விரும்புகிறேன்.

சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம் 1855-ல் அறிக்கை தந்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் குடிகளை வதைத்தது குறித்து நேரிலும் தபாலிலும் வந்த புகார்கள் 1,959. நமக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் நேரில் முறையிட வேண்டுமானால், ரயிலில்லாத அந்தக் காலத்தில் சென்னைப் பட்டணம் வரை போக வேண்டும். அடிபட்டவனுக்குப் பரிகாரம் கிடைப்பது எத்தனை கடினம் என்று ஆணையமே எழுதியது. கார்ல் மார்க்ஸ் 1857-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் அதை எடுத்துக்காட்டினார்.

அந்த அறிக்கைக்குப் பின் வந்ததுதான் 1859-ம் ஆண்டு காவல் சட்டம். அதன் 53-வது பிரிவைப் பாருங்கள்: இச்சட்டப்படி செய்த செயலுக்காகப் போலீஸ்காரர்மேல் வழக்குப் போட மூன்று மாதமே கெடு. புகார்களைக் கேட்டுப் பிறந்த சட்டம், புகாருக்கே பூட்டுப் போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும், பிடித்துவந்த ஆளை ஸ்டேஷனில் அடித்த வழக்கொன்றில் போலீஸார் இந்தக் கெடுவைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் தப்பினார்கள். அடிப்பது எந்தச் சட்டத்தின் கீழும் செய்யும் கடமையல்ல என்று 1960-களில் உச்ச நீதிமன்றம்தான் திருத்த வேண்டியிருந்தது.

இன்றைய நிலை என்ன? முறையற்ற காவலுக்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட, வெளியே வந்த நாளிலிருந்து ஓராண்டு. அரசைச் சேர்ப்பதானால் இரண்டு மாத நோட்டீஸ். கேட்கும் தொகைக்கு ஏற்ற நீதிமன்றக் கட்டணம் வேறு. மனித உரிமை ஆணையத்திலும் ஓராண்டே கெடு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவரோ ராஜபாளையம் மில் தொழிலாளியோ, ஜாமீனுக்கு வாங்கிய கடனை அடைத்து நிமிர்வதற்குள் அந்த ஆண்டு ஓடிவிடும். ரிமாண்டில் இருந்தவர் திரும்பி வந்ததும் முதலில் தேடுவது வேலையை, வக்கீலை அல்ல.

விடாமல் நின்றவர்களுக்கும் எத்தனை காலம் ஆனது? நம்பி நாராயணனை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவில்காரர், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்த இஸ்ரோ விஞ்ஞானி. 1994 நவம்பரில் உளவு வழக்கில் கேரளப் போலீஸ் கைது செய்தது. வழக்குக்கு ஆதாரமில்லை என்று 1996-லேயே சி.பி.ஐ. சொல்லிவிட்டது. கைதே தேவையற்றது என்று கூறி 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018-ல். அவர் தொடுத்த சிவில் வழக்கை முடிக்க அரசு 1 கோடியே 30 லட்சம் கொடுத்தது 2020-ல். பெயரும் படிப்பும் உள்ளவருக்கே கால் நூற்றாண்டு.

அதனால்தான் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு வாசல் வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: மாநிலத்திலும் மாவட்டத்திலும் காவல் புகார் ஆணையங்கள், தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதிகள். தமிழ்நாடு 2013-ல் சட்டம் இயற்றியது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எஸ்.பி.யின் ஆட்கள்மேல் வந்த மனுவை எஸ்.பி.யே உட்கார்ந்து கேட்பதற்கு ஆணையம் எதற்கு? தபால் செலவாவது மிச்சமாகும். 1855-ன் ஆணையம் மனு வாங்கவாவது தனியாக உட்கார்ந்தது.

மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது பெரிய வெளிச்சம். ஆனால் ஓராண்டுக்குள் போனவருக்குத்தான் அந்த வெளிச்சம்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாத்தான்குளம் காவல் மரணங்கள் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். சாகாமல் வீடு திரும்பியவர்களைப் பற்றி எழுத ஆளில்லை. மாவட்ட முதன்மை நீதிமன்றம் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அனுமதி பெற்று அதன் சிவில் பதிவேடுகளைப் பாருங்கள். தவறான கைதுக்கு நஷ்டஈடு கேட்டு எத்தனை வழக்குகள், அவற்றில் எத்தனை கெடு தாண்டித் தள்ளுபடியாயின என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கை அடுத்த கருத்தரங்கில் முதல் கட்டுரையாக வைப்போம்.